ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய கார்... பாதி வழியில் நின்ற இன்ஜின்! - 50 வயது 'ஸ்டாக்'குக்கு மறுபிறவி கொடுக்கும் பட்டறை வேலை

1971-ல் வெளியான 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில், ஜேம்ஸ் பாண்ட் வேடத்தில் வரும் ஷான் கானரி, ஒரு மஞ்சள் நிற காரை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வருவார். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பும் காட்சி அது. பறக்கும் கார், புகை விடும் கார் எதுவும் இல்லை. ஆனாலும், 'இது என்ன கார்?' என்று திரும்பிப் பார்க்கவைக்கும் அழகு.

அது 'டிரையம்ப் ஸ்டாக்'. ஸ்டாக் என்றால் கொம்பு வைத்த ஆண் மான். நான்கு பேர் உட்காரலாம். வெயில் அடித்தால் மேற்கூரையை மடித்துவிடலாம். பானெட்டுக்குள் 3 லிட்டர் வி8 இன்ஜின், 145 குதிரைத்திறன். குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பது 1970-ல் பிரிட்டனுக்கே புதுசு. மெர்சிடீஸ் பென்ஸ் எஸ்.எல் கார்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள், பாதி விலையில் அந்தக் கனவு கிடைக்கப்போகிறது என்று வரிசையில் நின்றார்கள்.

அதே ஆட்கள் சில வருடங்களில் நெடுஞ்சாலை ஓரத்தில், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆவி பறக்கும் ரேடியேட்டரைப் பார்த்தபடி நின்றார்கள். காரை விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. 'ஸ்டாக்கா... இன்ஜின் வெந்துடுமே!' என்று பெயர் கெட்டுவிட்டது. பலர் ஒரே முடிவுக்கு வந்தார்கள். காரை வைத்துக்கொள்வோம், இன்ஜினை மட்டும் தூக்கி எறிவோம்.

அப்படித் தூக்கி எறியப்பட்ட இன்ஜினைத்தான் இன்று அதே கார்களின் சொந்தக்காரர்கள் தேடித் தேடி வாங்கி, பிரித்து மேய்ந்து, திரும்பவும் காருக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம ஊர் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி

ஸ்டாக் இந்தியாவில் தயாராகவில்லை. ஆனால், அது நமக்கு முற்றிலும் அந்நியமான கார் இல்லை. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்' தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உங்கள் தாத்தாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக வாயைப் பிளந்து திறக்குமே, அந்தக் கார்தான். பிரிட்டனில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. அதை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி. ஸ்டாக்கை வரைந்தவரும் அவரேதான்.

ஸ்டாக் பிறந்த கதையே சுவாரஸ்யம். டிரையம்ப் 2000 என்ற குடும்ப காரின் பழைய வண்டி ஒன்றை மிகெலோட்டி கேட்டு வாங்கினார். ஒரு கண்காட்சிக்காக அதை வெட்டி, திறந்த காராக மாற்றினார். டிரையம்பின் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் அதைப் பார்த்தார். கண்காட்சிக்கு அனுப்பாமல், 'இதை நாமே தயாரிக்கலாம்' என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரகசியமாக வைத்திருந்த திட்டப் பெயர்தான் 'ஸ்டாக்'. கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

வெப்ஸ்டருக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர் ஸ்பென் கிங். ரேஞ்ச் ரோவரை உருவாக்கிய அதே ஸ்பென் கிங். இரண்டரை லிட்டராகத் திட்டமிட்டிருந்த வி8 இன்ஜினை அவர் 2,997 சி.சி-யாகப் பெரிதாக்கினார்.

இங்கேதான் ஒரு கேள்வி. 1968-ல் டிரையம்பும் ரோவரும் 'பிரிட்டிஷ் லேலண்ட்' என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. ரோவரிடம் ஏற்கெனவே அருமையான 3.5 லிட்டர் வி8 இருந்தது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் வேண்டாமென்று விட்ட அலுமினிய இன்ஜினின் உரிமையை ரோவர் வாங்கி வைத்திருந்தது. ஒரே வீட்டில் ஒரு வி8 இருக்கும்போது, இன்னொரு வி8 எதற்கு? 'ரோவர் இன்ஜின் ஸ்டாக்கின் பானெட்டுக்குள் நுழையாது' என்று சொல்லப்பட்டது. 'கேட்கிற அளவுக்கு ரோவரால் தயாரித்துக் கொடுக்க முடியாது' என்றும் சொல்லப்பட்டது. இரண்டாவது காரணத்தை நம்பலாம். முதல் காரணத்தை, வீட்டு கராஜில் ஸ்பேனர் பிடித்த சாதாரண ஆட்களே பிற்பாடு பொய்யாக்கிக் காட்டிவிட்டார்கள்.

வெந்துபோனது ஏன்?

ஸ்டாக்கின் இன்ஜினைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. டிரையம்ப் முதலில் செய்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின். சுவீடனின் சாப் நிறுவனம்கூட அதை வாங்கித் தன் '99' காரில் பொருத்தியது. அந்தச் சாய்ந்த நான்கை இரண்டு பக்கமும் வைத்து ஒட்டினால் வி8. ஸ்டாக் இன்ஜின் அடிப்படையில் அதுதான்.

நல்ல யோசனைதான். ஆனால், தண்ணீர் பம்ப்பை வைத்த இடத்தில் கோட்டை விட்டார்கள். பெரும்பாலான கார்களில் அது இன்ஜினின் முன்பக்கத்தில் இருக்கும். ஸ்டாக்கில் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, 'வி' எழுத்தின் பள்ளத்தில், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது மாடிக் குழாய்தானே? அதே கதைதான் இங்கும். கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். இன்ஜினுக்குள் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும்.

இதில் இன்னொரு கொடுமை. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் இறங்கிவிட்டால் அது காற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். டேஷ்போர்டு முள் 'எல்லாம் நலம்' என்று நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்தது உலோகப் பொருத்தம். ஸ்டாக்கின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவோடு சூடானால் ஹெட் கேஸ்கெட் தாக்குப்பிடிக்கும். எல்லை மீறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், கூலன்ட் இன்னும் வெளியேறும், இன்ஜின் இன்னும் சூடாகும்.

இந்த இரண்டு உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைந்தால் பேட்டரி மாதிரி வேதிவினை நடந்து அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்கும் மருந்து ஆன்டிஃப்ரீஸ் கூலன்ட்டில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டனில் 'ஆன்டிஃப்ரீஸ் குளிர்காலத்துக்குத்தானே!' என்று கோடை வந்ததும் அதை வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பலருக்கு இருந்தது. பழைய இரும்பு இன்ஜின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. ஸ்டாக் பொறுத்துக்கொள்ளவில்லை. போர் தண்ணீர் ஓடும் வீட்டில் வாட்டர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே என்ன படிந்திருக்கும் என்று. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அதுவேதான் அடைத்தது.

இதெல்லாம் போதாதென்று தொழிற்சாலையும் தன் பங்குக்குச் சொதப்பியது. பிளாக்கை வார்க்கும்போது உள்ளே நீர்வழிகளை உருவாக்க மணல் அச்சு வைப்பார்கள். வார்த்து முடித்ததும் அந்த மணலை முழுக்கத் தட்டி எடுக்க வேண்டும். பல ஸ்டாக் இன்ஜின்களில் மணலும் கம்பித் துண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. புது காரிலேயே பாதி அடைப்பு! எழுபதுகளின் பிரிட்டிஷ் லேலண்டில் வேலைநிறுத்தமும் தரக்குறைவும் அன்றாடச் செய்தி. 1975-ல் அரசாங்கமே அந்த நிறுவனத்தை எடுத்து நடத்த வேண்டிய நிலை வந்தது.

1973-லேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து ஸ்டாக் பின்வாங்கியது. அங்கே விற்றவை 3,000-க்கும் குறைவு. 1977-ல் உற்பத்தியே நின்றது. மொத்தமாகத் தயாரானவை 26,000-க்குச் சற்றுக் குறைவு.

உடம்பு இருக்கு, இதயத்தை மாத்து!

தமிழ்நாட்டில் டீசல் விலை குறைவாக இருந்த காலத்தில் பெட்ரோல் அம்பாசடரின் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றுவது சகஜம். டிராவல்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. ஸ்டாக் சொந்தக்காரர்களின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு தடவை ஹெட் வேலை பார்க்கும் செலவில் விபத்தான ரோவர் காரின் வி8 இன்ஜினே கிடைத்துவிடும். யார்தான் யோசிப்பார்கள்?

சிலர் டிரையம்பின் சொந்த 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். ஸ்டாக்கின் உடம்பே டிரையம்ப் 2000 காரிலிருந்து பிறந்தது என்பதால் அது அதிகம் அடம்பிடிக்காமல் உட்காரும். சிலர் ஃபோர்டின் 3 லிட்டர் வி6 இன்ஜினை ஏற்றினார்கள். ஆனால், அதிகம் பேர் ஆசைப்பட்டது ரோவர் வி8-க்குத்தான். பிளாக்கும் அலுமினியம் என்பதால் எடை குறைவு. 3,528 சி.சி என்பதால் இழுவையும் அதிகம்.

இன்ஜின் மாற்றுவது என்றால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்குவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். இறக்குவது ஒரு நாள் வேலை. மற்றதெல்லாம் மாதக்கணக்கு. இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டுகளைப் புதிதாக வெட்டி வெல்டு செய்ய வேண்டும். கீழே ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, மேலே கார்புரேட்டர் பானெட்டில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்ய இன்ஜினை அரை அங்குலம் இறக்கினால், இன்னொன்று இடிக்கும். கியர்பாக்ஸோடு இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்தாவிட்டால் நடுவில் அடாப்டர் பிளேட். கியர்பாக்ஸ் நகர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். அதை வெட்டி, திரும்ப பேலன்ஸ் செய்யாவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் முழுக்க நடுங்கும். எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், வயரிங் என்று பட்டியல் நீளும். முன்பக்க எடை குறைந்ததால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும்.

(ஆர்வத்தில் யாரும் நாளைக்கே பழைய மாருதியோடு பட்டறைக்குக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்ற முடியாது. ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் செய்யும்போது சிக்கல்தான்.)

இந்த மாற்று இன்ஜின் கார்களைப் பார்த்து இன்றைய 'ஒரிஜினல்' ரசிகர்கள் முகம் சுளிப்பது உண்டு. அது நியாயமில்லை. எண்பதுகளில் ஒரு ஸ்டாக்கின் விலை அதன் இன்ஜின் வேலைக்கான செலவைவிடக் குறைந்திருந்த நேரத்தில், பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய கார்களைச் சாலையில் வைத்திருந்தது இந்த ஒட்டுவேலைதான். அந்த கார்கள் பிழைத்திருந்ததால்தான் இன்று அவற்றுக்குப் பழைய இன்ஜினைத் திரும்ப வைக்க முடிகிறது.

வண்டலூரில் நடந்த இன்ஜின் மாற்றம்

கராஜில் நடந்தால் அது பிழைப்பு. தொழிற்சாலையே செய்தால்? ஸ்டாக்கின் உறவுக்கார வீடான வண்டலூரிலேயே அப்படி ஒன்று நடந்தது.

ஸ்டாக்குக்குக் கிடைக்காத அந்த ரோவர் வி8 இன்ஜினோடு 1976-ல் பிரிட்டனில் வெளியான கார், ரோவர் எஸ்.டி.1. ஃபெராரி சாயலில் வழுக்கிக்கொண்டு போகும் உடம்பு. அடுத்த ஆண்டின் சிறந்த ஐரோப்பிய கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. அதே உடம்பை 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் வண்டலூர் தொழிற்சாலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பானெட்டைத் திறந்தவர்கள் அதற்கு மேல் அசந்துபோனார்கள். உள்ளே இருந்தது வி8 இல்லை. ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து 1,991 சி.சி, நான்கு சிலிண்டர் இன்ஜின். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வடிவமைக்கப்பட்ட அந்த இன்ஜின் குடும்பம், பிரிட்டனில் ஃபெர்குசன் டிராக்டர்களிலும் ஓடியது.

உழைக்கும் இன்ஜின் என்பதில் சந்தேகமில்லை. 1953-ல் டிரையம்பின் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் அதே இன்ஜின் பெயர் வாங்கியது. ஆனால், எண்பதுகளின் கனமான சொகுசு காரை அதனால் இழுக்க முடியவில்லை. விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் தாகம் வேறு. சில வருடங்களிலேயே கார் உற்பத்தி நின்று, தொழிற்சாலையும் முடங்கியது. பயன்படாமல் கிடந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களைப் பிற்பாடு மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது 'ரிம்மர் பிரதர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம். இன்று ஸ்டாக் இன்ஜினைப் பிரிக்கிறவர்கள் கேஸ்கெட்டுக்கும் செயினுக்கும் பட்டியலைப் புரட்டுவது அதே நிறுவனத்திடம்தான்!

ஐந்து ஸ்டட், ஐந்து மாதப் பொறுமை

சரி, திரும்பப் பழைய இன்ஜினுக்கே போகலாம் என்று முடிவெடுத்தவர் என்ன செய்கிறார்? முதலில், இன்ஜினைத் தேடுகிறார். அதிர்ஷ்டம் இருந்தால், முந்தைய சொந்தக்காரர் அதை மனசு வராமல் ஷெட் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார். அதில் அடித்திருக்கும் எண், காரின் ஆவணத்தில் இருக்கும் பழைய எண்ணோடு ஒத்துப்போனால் அவருக்கு அன்று தீபாவளி.

அடுத்து, ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஸ்டாக்கைத் தொட்ட மெக்கானிக்குகள் பெருமூச்சு விடும் இடம் இது. ஒவ்வொரு ஹெட்டையும் பாதி போல்ட்டுகளும் பாதி ஸ்டட்டுகளும் பிடித்திருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கோணத்தில்! அதனால் ஸ்டட்டுகளைத் திருகி வெளியே எடுக்காமல் ஹெட்டை நேராகத் தூக்க முடியாது. இருபது, முப்பது வருடம் அலுமினிய ஹெட்டுக்குள் நின்ற எஃகு ஸ்டட், அரிப்பு ஏறி உடும்புப்பிடியாகப் பிடித்திருக்கும்.

துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஸ்டட்டின் மேல் இரண்டு நட்டுகளை எதிரெதிராக முறுக்கிப் பூட்டி, ஸ்பேனரால் மெல்லத் திருப்பிப் பார்க்கிறார்கள். சூடு காட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், மறுபடி எண்ணெய். அவசரப்பட்டு ஒரு ஸ்டட்டை உடைத்தால், ஸ்டட்டைச் சுற்றி ஹெட்டையே குடைந்து எடுக்க வேண்டியதுதான். அப்போது ஹெட்டும் போய்விடலாம். நல்ல ஸ்டாக் ஹெட் கிடைப்பது நாளுக்கு நாள் குறைகிறது.

ஹெட் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிளாக்கின் நீர்வழி மூடிகளை எல்லாம் கழற்றி, வளைந்த கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டுகிறார்கள். உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். சேறாக வருவது துரு. கரகரவென்று வருவது 1970-களில் யாரோ ஒரு தொழிலாளி தட்டி எடுக்காமல் விட்ட மணல். அத்தனை வருடங்களாக 'டிசைன் கோளாறு' என்று திட்டு வாங்கியதில் ஒரு பங்கு, இந்தக் கைப்பிடி மணல்.

அப்புறம் அளவெடுக்கும் வேலை. கிராங்க்ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரால் பல இடங்களில், பல கோணங்களில் அளக்கிறார்கள். வட்டம் முட்டையாகியிருந்தால் கிரைண்டிங் கொடுத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். நம்ம ஊர் பட்டறைகளில் செய்யும் அதே வேலைதான். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கத் தலைமுடியின் கனத்துக்கும் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். அதைச் சோதிக்க 'பிளாஸ்டிகேஜ்' என்ற மெழுகு நூல் மாதிரியான ஒன்றை நடுவில் வைத்து முறுக்குவார்கள். கழற்றிப் பார்த்தால் நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ அவ்வளவு குறைவு இடைவெளி.

சிலிண்டர் சுவர்களில் தேய்மானம் இருந்தால் போர் போட்டு, பெரிய அளவு பிஸ்டன். ஹெட் வளைந்திருந்தால் மெஷினில் கொடுத்துத் தளம் சீவுகிறார்கள். இதில் பேராசைப்படக் கூடாது. வி வடிவ இன்ஜினில் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில் இன்லெட் மேனிஃபோல்டு உட்காருகிறது. ஹெட்டை அதிகம் சீவிவிட்டால் இரண்டும் கீழே இறங்கி, மேனிஃபோல்டின் துளைகளோடு பொருந்தாமல் போய்விடும்.

டைமிங் செயின் விஷயத்தில் சிக்கனமே கூடாது என்பது ஸ்டாக் ஓட்டுபவர்களிடையே எழுதப்படாத சட்டம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாக நீளமான இரண்டு ஒற்றை வரிசை செயின்கள். அவை நாளாக ஆகத் தளரும். தளர்ந்து ஒரு பல் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜின் அங்கேயே முடிந்தது. அதனால் 25,000 முதல் 30,000 மைலுக்குள் செயினை மாற்றிவிடச் சொல்கிறார்கள். முதல் சொந்தக்காரர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

எல்லாம் பூட்டியானதும் சாவி போட்டு உறுமவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை இன்ஜினைச் சும்மா சுற்றவைக்க வேண்டும். காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் காற்று வெளியேறும்வரை கூலன்ட் ஊற்ற வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட். ஸ்டாக்கின் வி8 சத்தம் தனி. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் இறங்கியவர்களைக் கேட்டால், பணத்தை மறந்துவிட்டு அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

விலை யாருக்கு?

ஒரிஜினல் இன்ஜினோடு இருக்கும் ஸ்டாக்குக்கும் இன்ஜின் மாற்றிய ஸ்டாக்குக்கும் இன்று விலையில் வித்தியாசம் இருக்கிறது. ஒரு காலத்தில் 'ரோவர் இன்ஜின் போட்டது, பயப்படாம வாங்கலாம்' என்று விளம்பரம் செய்தார்கள். இப்போது அதே வரியைச் சொன்னால், வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அதற்காக ரோவர் இன்ஜினோடு 40 வருடமாகப் பிரச்னையில்லாமல் ஓடும் காரையும் பிரித்துப் பழைய இன்ஜினுக்கு மாற்ற வேண்டுமா என்ற சண்டை ஸ்டாக் ரசிகர்களிடையே ஓயவில்லை. அந்தக் கார்களும் அந்தக் காலத்தின் வரலாறுதானே என்கிறது ஒரு தரப்பு. தினமும் ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் எதிர்ப்பக்கம்.

சரியாகப் பிரித்துக் கட்டிய ஒரிஜினல் வி8 மற்ற கார்களைப் போலவே ஓடுகிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. புது ரேடியேட்டர், நல்ல கூலன்ட், நேரத்துக்குச் செயின். இதைத் தாண்டி அதற்குப் பெரிய ரகசிய வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. பலர் கூடுதலாக ஒரு சின்ன அலாரம் பொருத்திக்கொள்கிறார்கள். வெப்பநிலை முள்ளை நம்பாமல், கூலன்ட் அளவு குறைந்த உடனே அது கத்தும். 1970-ல் தொழிற்சாலையிலேயே வைத்திருக்க வேண்டிய விலை மலிவான சமாச்சாரம்.

அலாரம் இருந்தாலும் பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டாக்கை வெளியே எடுப்பவர், சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டைத் தூக்குகிறார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, கூலன்ட் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு கேன் கூலன்ட் எப்போதும் இருக்கிறது.